மரத்தில் இருப்பவர் நேரில் வரவும்

தன் கூடிருந்த வேங்கை மரத்தை வெட்ட வனத்துறை உரிமம் கொடுத்துவிட்டதென்று கேள்விப்பட்டதும், ஆண் இருவாச்சிப் பறவை அலறியடித்துக்கொண்டு நீதிபதிக் கரடியிடம் பறந்தது.

"ஐயா, அந்த உரிமத்தை ரத்து பண்ணுங்க. முட்டையோட என் பெண்டாட்டி பொந்துக்குள்ள இருக்கா."

"நீ எங்க இருக்கே?"

"வெளியிலங்க. அவ வாசலைச் சேறு பூசி அடைச்சுக்கிட்டா. இடுக்கு வழியா நான்தான் பழம் ஊட்டுறேன்."

"அப்போ வழக்குப் போடுற உரிமை உனக்கில்லை. மரத்துல குடியிருக்கிறவங்கதான் நேர்ல வரணும்."

இருவாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடைகாக்கப் பொந்துக்குள் போனால் பெட்டையின் இறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆனாலும் வேறு வழியில்லை. இரண்டும் சேர்ந்து அடைப்பை உடைத்தன. முட்டைகளைப் பொந்திலேயே விட்டுவிட்டுப் பெட்டை காடு முழுக்கத் தத்தித் தத்தி நடந்தது. வழியில் அதற்குக் கொடுக்க ஆண் ஓர் அத்திப்பழத்தை அலகில் கவ்விக்கொண்டது.

கரடி பெட்டையை மேலும் கீழும் பார்த்தது.

"மரத்துல குடியிருக்கிறது நீதானா?"

"நான்தாங்க."

"இப்போ அங்க யார் இருக்கா?"

"யாருமில்லீங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னுதானே வந்தோம்."

"அப்போ மரம் காலி," என்றது கரடி. "வெட்டத் தடையில்லை."

ஆண் இருவாச்சியின் அலகிலிருந்து அத்திப்பழம் நழுவிக் கீழே விழுந்தது.