உறைக்கு இரண்டு காது

"உடம்பு இன்னும் கொதிக்குதுக்கா. இப்பவே மூடினா உறை உருகி ஒட்டிக்கும்."

"உங்க மாமா வர இன்னும் இருபது நிமிஷம்தான்டா இருக்கு. ஈரச் சாக்கைப் போட்டாவது ஆத்து!" என்றாள் அக்கா, கேட்டைப் பார்த்தபடி.

தம்பி ஈரச் சாக்கை சைலன்சர்மேல் போட்டான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே அக்கா புருஷன் ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. பின்பக்கம் ரேடியோவுக்காகத் தலா ஒரு கை நீளத்தில் இரண்டு ஏரியல் கம்பி. லீவு நாளில் மட்டும்தான் உறையை விட்டு வெளியே வரும்.

அவருடைய பழைய வண்டியைச் சுவரில் மோதி நொறுக்கிய புண்ணியவான் இந்தத் தம்பிதான். "இனிமே என் வண்டியில கை வெச்சா, அன்னைக்கே பெட்டியக் கட்டணும்" என்று அவர் கத்தியபோது, "தொட மாட்டான், நான் பொறுப்பு" என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

இன்று இன்டர்வியூவுக்குப் போக வேண்டிய பஸ் கண்ணெதிரே போய்விட்டது. பாவி, சாவியை எடுத்துவிட்டான்.

இருவரும் உறையை விரித்துப் பின்பக்கத்திலிருந்து மாட்டினார்கள். ஏரியல்களுக்கென்று அதில் இரண்டு நீளக் காது தைத்திருந்தது. இடது காதுக்குள் கம்பி புகுந்து நிமிர்ந்தது. வலது காது தொப்பென்று விழுந்தது.

"டேய், இந்தப் பக்கக் கம்பி எங்கடா?"

"வழியில ஒரு மரக்கிளை உரசுச்சுக்கா. அப்பதான் போயிருக்கும்."

"கிளம்பும்போது இருந்துச்சா?"

"உறைய உருவி எறிஞ்சிட்டு ஓடினேன், யாரு பாத்தா? இருந்துதான் இருக்கும், இல்லாம எங்க போகும்?"

உறையைத் தூக்கிப் பார்த்தான். ஒடிந்த துண்டு எதுவும் இல்லை. கம்பியைத் திருகி மாட்டும் மரை மட்டும் கீறல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. நின்று யோசிக்க நேரம் ஏது?

"தொங்குற காது கேட்லேர்ந்தே தெரியுமே! என் மானமே போச்சு!" அக்கா உள்ளே ஓடி, ஜன்னல் திரைக் கம்பியை உருவிக்கொண்டு வந்தாள். அதை மரையருகே நிறுத்திப் பழைய துணியால் இறுக்கிக் கட்டினார்கள். உறையின் கடைசி நாடாவை முடிச்சுப் போடவும் கேட் திறக்கவும் சரியாக இருந்தது.

அக்கா புருஷன் பையை வைக்கக்கூட இல்லை. "இன்டர்வியூ என்னாச்சு மச்சான்?"

"நல்லா பண்ணியிருக்கேன் மாமா."

"ம்" என்றபடி வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு காதும் விறைப்பாக நின்றன.

"யாராச்சும் வண்டியத் தொட்டீங்களா?"

"ஐயோ, என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேங்க. நீங்க மூடி வெச்சது அப்படியே இருக்கு" என்றாள் அக்கா.

அவர் வலது காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"காலைல நான் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்த கம்பி, எப்ப வந்துச்சு?"