உப்பு டப்பாவின் கீழ்

"பாலை இறக்கிட்டு வரேன். தொட்டே, கையை உடைச்சிடுவேன்" என்று சொல்லி, கையிலிருந்த ஒரே அட்டையை மேஜையில் கவிழ்த்து, அதன்மேல் உப்பு டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு என் கணவர் அடுப்படிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை.

எழுந்து போகிறவர் அட்டைமேல் உப்பு டப்பா வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் அதைத் தொடக் கூடாது. பதினாறு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் மீறாத ஒரே சட்டம் அதுதான்.

ஆளுக்கு நாற்பது அட்டைகளை நாமே தேர்ந்து, கட்டாகச் சேர்த்துக்கொண்டு மோதும் ஆட்டம் எங்களுடையது. கசங்காமலிருக்க அவர் தன் அட்டை ஒவ்வொன்றுக்கும் கறுப்பு உறை போட்டிருப்பார். இந்த ஆட்டக்காரர்கள் கூடும் அட்டைக் கடையில் என்னை டெம்போ என்பார்கள். வண்டியைச் சொல்லவில்லை, ஆடும் விதத்தை. முதல் சுற்றிலேயே சின்னச் சின்னப் படைகளை இறக்கி, எதிராளி மூச்சு விடுவதற்குள் அடித்து முடித்துவிடுவேன்.

அவர் கண்ட்ரோல். அடிக்கவே மாட்டார். வருவதையெல்லாம் தடுப்பார், கலைப்பார். நாம் ஓய்ந்துபோன பிறகு சாவகாசமாக ஒரே போடு.

நான் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிப்பவள். ஒரு நிமிடம் தாமதித்தால் திட்டு விழும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு நிமிடம் அவசரப்பட்டால் விரல் போகும். கட்டு வேறெப்படி அமையும்?

"நான் எங்க உன்னை ஜெயிக்கிறேன்? உனக்கு வேண்டியது உன் கைக்கு வராம பார்த்துக்கறேன், அவ்வளவுதான்" என்பார்.

ஒரு மாதமாக நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். என் கட்டுக்கு உயிரான அட்டை தொலைந்துபோயிருந்தது. இறங்கிய சுற்றிலேயே பாய்ந்து கடிக்கும் குட்டி நாய் அது. நாங்கள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. யோசிக்கும்போது அட்டையைக் கடிப்பது என் கெட்ட பழக்கம் என்பதால், அதன் ஒரு மூலையில் என் பல்தடம் இருக்கும்.

வீட்டைத் தலைகீழாக்கித் தேடினேன். அவரும் என் கூடவே சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் முப்பத்தொன்பது அட்டையோடு ஆட அனுமதி கொடுத்தார். பெருந்தன்மை.

அன்றைக்குப் பந்தயம். இதிலும் தோற்றால் நான் என் கட்டைக் கலைத்துவிட்டு அவரைப் போலவே ஆட வேண்டும். ஜெயித்தால், அவர் ஒரு வருடத்துக்கு டெம்போ.

களத்தில் என் படைகள் மூன்று. அவருக்கு மிச்சமிருந்த உயிர்ப் புள்ளி நான்கு, என் அடுத்த அடிக்குத் தாங்காது. அது அவர் முறை. அந்த ஒற்றை அட்டை மட்டும் களத்தைத் துடைக்கிற அட்டையாக இருந்தால், நான் காலி.

அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

உப்பு டப்பாவைத் தூக்கி, அட்டையைத் திருப்பினேன்.

பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

அட்டையைக் கவிழ்த்து, டப்பாவை இம்மி பிசகாமல் பழைய இடத்தில் வைத்தேன்.

கத்தியிருக்கலாம். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். என் சுபாவம் அதுதான். ஆனால் அன்று, முதல் தடவையாக, அவருடைய ஆட்டத்தை அவரிடமே ஆடிப் பார்க்க ஆசை வந்தது. பொறுப்போம். அவரே வந்து, அவர் கையாலேயே திருப்பட்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. என்னை மேஜையை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நல்லா பொங்கட்டும். நான் ஒண்ணும் எழுந்து வரமாட்டேன்."

பதில் இல்லை. அதுவும் அவர் வழக்கம்தான்.

தீயும் வாசனை வந்த பிறகுதான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், அடுத்து எதை ஆடலாம் என்று யோசிப்பவர்போல.

நான் எப்போது எழுந்து போயிருந்தாலும் உயிர் தங்கியிருக்காது என்றார் மருத்துவர். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து நாத்தனார் ஈரத்துணியோடு மேஜைக்கு வந்தாள். "அண்ணி, இதையெல்லாம் எடுத்து வெச்சிரவா?"

"வேண்டாம்மா. இது உங்க அண்ணன் முறை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மேஜையின் மறுபாதியை மட்டும் துடைத்தாள்.

மூன்று வருடமாகிறது. சமையலுக்கு வேறு உப்பு டப்பா வாங்கிவிட்டேன்.

பழைய டப்பாவின் கீழே, அவருடைய கறுப்பு உறைக்குள், மூலையில் என் பல்தடத்தோடு முந்திரிக்கொட்டை படுத்திருக்கிறது. எதை என் கண்ணில் காட்டக் கூடாது என்று தன் கட்டுக்குள் ஒளித்தாரோ, அதுவே கடைசியில் அவர் கைக்கு வந்து மாட்டியிருந்தது.

என் கட்டை நேற்றும் எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தொன்பது.