யார் எழுதிய ஹின்ட்?

க்ரெய்குக்காகவே தன் கையால் லாமிங்டன் கேக் செய்து எடுத்து வந்திருந்தாள் நைரி.

"பரவாயில்லையே! என் வெற்றியை நீயும் கொண்டாடுறியா?" என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான் க்ரெய்க், அவளுடைய மேலாளர்.

"பின்னே? நீங்க ஜெயிச்சா நாங்க ஜெயிச்ச மாதிரிதானே!" என்று சிரித்தாள். உள்ளே வயிறு எரிந்தது.

போன மாதம், வெலிங்டனில் அவர்கள் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியின் டிக்கெட் தேடல் ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்த நேரம். 'இந்த இன்டெக்ஸ் அட்டவணை வழியாகக் குறுக்கே தேடு' என்று டேட்டாபேஸுக்குக் கட்டளை போடும் ஒரு வரி ஹின்ட்டை எழுதிச் சேர்த்தவள் அவள்தான். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. முதலாளியிடம் "நான் எழுதினேன்" என்று பேர் வாங்கிக்கொண்டவன் க்ரெய்க்.

"அது என்னுது" என்று ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிப் புலம்பினாள் நைரி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று முதலாளி க்ளெனிஸ் முன்னால் அதை ஓட்டிக் காட்டப்போகிறான். நன்றாக ஓடினால் அவன் டைரக்டர். விடுவாளா நைரி? காலையிலேயே அந்த இன்டெக்ஸின் பெயரை மாற்றி வைத்துவிட்டாள். ஹின்ட் சொல்லும் இன்டெக்ஸ் இல்லாவிட்டால் டேட்டாபேஸ் தகராறு செய்யாது. பேசாமல் பழைய சுற்றுவழியிலேயே போகும். காரணம் தெரியாமல் அவன் திருதிருவென்று விழிப்பதை ஆசை தீரப் பார்க்க வேண்டும்.

க்ளெனிஸ் டீயோடு வந்து உட்கார்ந்ததும் க்ரெய்க் பட்டனைத் தட்டினான். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. க்ளெனிஸ் டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

"என்ன க்ரெய்க், கப்பல் இன்னைக்குக் கரை சேருமா?"

அவன் பட்டனை மறுபடி மறுபடி தட்டினான். நைரிக்கு வாயிலிருந்த லாமிங்டன் இன்னும் இனித்தது.

"ஈஸ்டருக்கு ஜனம் டிக்கெட்டுக்கு முட்டி மோதும்போது இப்படி நின்னா என்ன ஆகும்?" க்ளெனிஸின் குரல் உயர்ந்தது. "நீதானே இதை எழுதினே? எழுதின ஆளுக்கு இனிமே இங்கே வேலை இல்லை."

க்ரெய்க் மெல்லத் திரும்பி நைரியைப் பார்த்தான்.

"ஐயோ, நான் எங்கே எழுதினேன்? இவதான் எழுதினா. வேணும்னா ஆபீஸ்ல யாரை வேணா கேளுங்க, இவளே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா!"