ஒரு பூட்டு பாக்கி

"ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சுல்லா? பொறவு யாருக்குவே இந்தப் பூட்டு?"

தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி பொன்ராஜ் மெயின் சுவிட்சுப் பெட்டியை முறைத்தார். தீபாவளிக் கூட்டம் மாடிப்படியில் முண்டியடித்தது. லிஃப்ட் ரிப்பேர் முடிந்தும் கரண்ட் கொடுக்க வழியில்லை.

மெக்கானிக்குகளின் வழக்கம் அது. வேலைக்கு இறங்குமுன் ஆளுக்கொரு பூட்டை சுவிட்சில் மாட்டிவிடுவார்கள். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். கடைசிப் பூட்டும் போனால்தான் சுவிட்சைப் போட முடியும்.

முருகன் தன் பூட்டை எடுத்துவிட்டான். ஹபீபுர் ரஹ்மான் எடுக்கவில்லை. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

கொஞ்சம் பொறுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கும் அதையேதான் திரும்பச் சொன்னார்.

எல்லாம் தீபாவளி இனாமுக்கு ஆடும் நாடகம் என்று கடை சூப்பர்வைசர் முதலாளியின் காதைக் கடித்தான். பொன்ராஜுக்கும் அப்படித்தான் பட்டது. சுத்தியல் வந்தது.

அதைப் பார்த்ததும் ஹபீப் முருகனிடம் ஏதோ கிசுகிசுத்து, கீழே குடோனுக்கு விரட்டினார். பிறகு பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"முதல்ல என் கையை ஒடைங்க அண்ணாச்சி. உள்ள ஆள் கீது."

யார் நம்புவது? இறங்கியவர்கள் இரண்டே பேர். இருவரும் கண்ணெதிரே வந்தாயிற்று. சூப்பர்வைசர் சுத்தியலை ஓங்கினான்.

"பாய், வந்தாச்சு."

முருகன் மூச்சிரைக்க நின்றான். பின்னால், யூனிஃபார்ம் புடவையெல்லாம் கிரீஸோடு, சேலைப் பிரிவு விற்பனைப்பெண் சிந்து. குடோனில், லிஃப்டுக்கு நேர் கீழே, குழிக்குள் இருந்தாளாம்.

ஹபீப் அவளைக் கண்ணால் பார்த்த பிறகே பூட்டைத் திறந்தார்.

கரண்ட் கொடுத்திருந்தால் லிஃப்ட் அவள் தலையில்தான் இறங்கியிருக்கும். ஆனாலும் முதலாளி அல்லவா, பயம் தெளியுமுன்னே கோபம் வந்துவிட்டது.

"அந்தக் குழிக்குள்ள ஒனக்கு என்ன சோலி?"

சிந்து வேலை போய்விடும் என்ற பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹபீப்தான் சொன்னார்.

"காலு வீங்கிப்போச்சு, கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்னு கெஞ்சுச்சு அண்ணாச்சி. உங்க கடையில ஒரு பொண்ணு உக்கார்றதுக்கு அந்தக் குழியை விட்டா வேற இடம் எங்க கீது?"