கை இழுத்த கோடுகள்
திருவனந்தபுரத்தில் ஐப்பசித் துலா மழை விட்டு, அலுவலக ஜன்னலில் ஈர வெயில் அடிக்கிறது. அடுத்த மாதம் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது. இங்கேயே இருப்பதா, நாகர்கோவிலுக்குப் போவதா என்று குமாஸ்தாக்கள் இன்று மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் இருக்கும் மகளிடமே போய்விடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் பூதலிங்கம் வந்திருக்கிறார். ஆனால் விருப்பம் எழுதும் பாரம் நிரப்பாமல் கிடக்கிறது. பேனா பிடித்த கை தன்பாட்டுக்கு மை ஒற்றும் தாளில் கோடு இழுக்கிறது. மை ஊறிக் கோடுகள் தடிக்கின்றன. "என்னவே, மவ அங்க சோறு பொங்கி வச்சுக் காத்திருக்கா, நீரு இங்க ஜெயில் வரைஞ்சிட்டு இருக்கேரே!" என்று பக்கத்து மேசை அழகியநம்பி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அப்போதுதான் பூதலிங்கமும் குனிந்து பார்க்கிறார். ஐந்து கம்பிகள். நடுக்கம்பியைப் பிடித்தபடி நான்கு விரல்கள். போன வருஷம் ஆடியில் மனைவி பொன்னம்மை கண்மூடும்வரை, சாயங்காலந்தோறும் உள்ளே விடாததால் அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த ஆஸ்பத்திரி ஜன்னல். இப்போதும் அந்த வழியாகத்தான் தினமும் அறைக்கு நடக்கிறார். "ஜெயில்தான் வே," என்கிறார். பாரத்தை இழுத்துத் 'திருவனந்தபுரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மகளுக்கு என்ன காரணம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.