இன்றைய மார்க்

மகளாகப் பிறந்து வளர்ந்த பிள்ளை நிவேதன் என்ற மகனானபோது சடகோபன் சில நாள் வாயடைத்துப் போயிருந்தார். இப்போது அவர் வாயை அடைக்கத்தான் ஆளில்லை.

நிவேதனின் தோளில் பதித்த மின்னணுச் சில்லு தினமும் காலையில் ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவென்று பார்த்து, அதற்கான மருந்தைத் தானே கூட்டும், குறைக்கும். எண்ணை அப்பாவின் போனுக்கும் அனுப்பும். பூங்காவில் நடக்க வருபவர்களிடமெல்லாம் அவர் அதைப் பரீட்சை மார்க் போலச் சொல்வார்: "எம் பையன் இன்னிக்கு அறுநூத்தி நாப்பது!"

இன்று நானூற்றைம்பதுதான். மருந்தால் ரத்தம் கெட்டியாகிறதென்று சில்லு அதைக் குறைத்திருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

"அடடா, மார்க் குறைஞ்சிடுச்சே சார்!" என்று சீண்டினார் நண்பர் தேவராஜ்.

சடகோபன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது மருந்துக்குப் போட்ட மார்க் சார். எம் பையன் எப்பவோ பாஸாயிட்டான்."