நீலப்பந்துக்கு ஒரு கிராப்பு

"கத்திரியைக் கீழே வை. வெங்காயம் நறுக்குற கைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

சலூன்காரரின் மனைவி கத்திரியைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். உதவி செய்யப் போனவளுக்கு இந்த மரியாதை. கடையின் பெயர்ப்பலகையைத் துடைக்க ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வாயில் மட்டும் அடிபடவில்லை.

சண்டைக்குக் காரணமான செடி வாசலில், தொட்டிக்குள், இலையெல்லாம் உதிர்ந்து குச்சி குச்சியாக நின்றது. அதன் நிஜப் பெயர் அவர் வாயில் நுழையாது. பந்து பந்தாக நீலப் பூ பூக்கும் என்று மகள் சொன்னதால் நீலப்பந்து என்று வைத்துவிட்டார்.

மகள் தூர தேசத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுச் சென்ற செடி அது. "பூத்ததும் சொல்லுங்கப்பா, எந்த வேலை இருந்தாலும் லீவு போட்டுட்டு வந்துடறேன்" என்று விளையாட்டாகச் சொன்னாள். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற பெண்ணை ஒருதரம் வந்துட்டுப் போ என்று கூப்பிடக்கூடக் கௌரவம் பார்க்கிற ஆள். தனக்குப் பதிலாகச் செடி கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். செடியோ பூக்கிற வழியைக் காணோம். வருஷங்கள்தான் போயின.

அதற்காக அவர் கவனிப்பில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலை வெயிலுக்குத் தொட்டியை வெளியே இழுப்பார், வெயில் ஏறியதும் நிழலுக்குத் தள்ளுவார். குளிர்காற்று வீசினால் சாக்கு சுற்றுவார். இலை உதிர்ந்து அது தூங்குகிற காலத்தில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர். தன் மாத்திரையைப் போட மறப்பாரே தவிர இதை மறக்க மாட்டார்.

குளிர் முடிகிற சமயத்தில் செடிக்கு முடிவெட்டு நடக்கும். வாடிக்கையாளர் கழுத்தில் கட்டுகிற அதே வெள்ளைத் துணியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டுவார். சீப்பை வைத்து மட்டம் பார்த்து, ஒவ்வொரு குச்சியின் நுனியையும் ஒரே சீராக நறுக்குவார். எதையும் அளவாக வெட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தெருவில் அவருக்கு அளவண்ணன் என்று பெயர். துளிர்த்ததும் செடி, புதிதாகக் கிராப்பு வெட்டிய தலை மாதிரி உருண்டையாக நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். எதிர்க்கடைத் தையல்காரர், அந்தச் செடிக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைத் தன் கிருதாவுக்குக் காட்டக் கூடாதா என்று அங்கலாய்ப்பார். மனைவிக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. இப்படிப்பட்ட கைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பூரித்துப்போவாள், வெளியே சொல்ல மாட்டாள்.

சொன்னபடிதான் செய்கிறாரா என்று மகள் போனில் கேட்பாள். அட்சரம் பிசகாமல் செய்வதாக அவர் பதில் சொல்வார். அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பிப் பார்த்து, "என்ன வேணா பண்ணுங்கப்பா, மொட்டை வெட்டிடாதீங்க" என்றாள். முடிவெட்டுகிறவனிடம் வந்து இதைச் சொல்கிறாளே என்று அன்றைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மொட்டைக்கும் அளவான வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்?

இந்த வருஷம் கத்திரி படாமலே செடி துளிர்த்தது. ஒரு குச்சி மேலே போனது, ஒரு குச்சி பக்கவாட்டில் சாய்ந்தது. "பரதேசி மாதிரி நிக்குது பாரு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவிக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒருநாள் காலை கடையைத் திறக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இலைகளுக்கு மேலே நீல நீலமாக, குழந்தையின் தலை அளவுக்குப் பூக்கள். அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். இடது கையால் ஒரு பூவைத் தடவினார். போனில் மகளிடம் சொன்னது ஒரே வார்த்தை, பூத்துடுச்சு என்று.

சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்த வாரமே மகள் வந்து இறங்கினாள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டுத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்குச் சந்தோஷத்தோடு கூச்சமும் வந்தது.

"இந்த வருஷம் இதைச் சரியாக் கவனிக்க முடியலம்மா. கை இப்படி ஆயிடுச்சு. இல்லேன்னா வருஷா வருஷம் வெட்டுற மாதிரி அழகா வெட்டி விட்டிருப்பேன்."

மகள் நிமிர்ந்தாள். "வருஷா வருஷம் வெட்டினீங்களா? எங்கே?"

"நுனியில மட்டுந்தான், ஒரே சீரா. நீ பயப்படாதே. உன் பேச்சை மீறி ஒருதரம்கூட மொட்டை அடிச்சதில்ல. உங்கம்மாவைக் கேளு."

அம்மா பெருமையோடு தலையாட்டினாள்.

மகள் அப்பாவின் இடது கையைப் பிடித்து, ஒரு குச்சியின் நுனியில் இன்னும் விரியாமல் பச்சையாக இருந்த உருண்டையின் மேல் வைத்தாள்.

"இதுக்குப் பேரு என்னப்பா?"

"மொட்டு."

"இந்த மொட்டைத்தாம்பா வெட்டிடாதீங்கன்னு சொன்னேன்."